சதாசிவத்தைச் சதாசிவம் விசாரித்த கதை

தலைவர்களில் பல வகை உண்டு. மாலைக்காகத் தலைவரானவர், மைக்குக்காகத் தலைவரானவர், அன்றைக்கு வேறு யாரும் வராததால் தலைவரானவர் என்று உங்களுக்கே பத்துப் பேரைத் தெரிந்திருக்கும். அவர்களை விட்டுவிடுவோம். இப்போது நீங்கள் பார்க்கப்போவது இன்னும் உயர்ந்த ஓர் இனம். பேராக் மாநிலத்தில் காம்பார் முதல் பாகான் செராய் வரை எங்கே ஒரு தவறு நடந்தாலும், நடந்தபோது பக்கத்திலேயே நின்றவர். பிறகு அது எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க அரசாங்கமே தேடிப் பிடித்து நியமிப்பதும் இவரையே. பெயர், சுயேச்சை விசாரணைத் தலைவர்.

சுயேச்சை என்ற சொல்லை நாம் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். சுய இச்சை. சொந்த விருப்பம். அந்தக் காலத்துப் பண்டிதர்கள் தெரியாமலா அப்படிச் சேர்த்து வைத்தார்கள்?

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பூவேலை அச்சிட்ட முழுக்கைப் பாத்தேக் சட்டை, கழுத்துப் பித்தான் உட்பட எட்டுப் பித்தானும் பூட்டியிருக்கும். கக்கத்தில் ஒரு கோப்பு. அது திறந்திருந்து பார்த்தவர் கிடையாது. மாலை போட வந்தால் 'விசாரணை முடியட்டும், நான் நடுநிலை' என்று கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்; ஆனால் கையை முன்னுக்கு நீட்டி அதை வாங்கிக் காரின் பின்னிருக்கையில் வாடாமல் படுக்க வைப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'நான் யாரு பக்கமும் இல்ல' என்பார். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முழு வளர்ச்சி பெற்ற ஒன்று ஈப்போவில் இருந்தது. பெயர் சதாசிவம், வயது அறுபத்து நான்கு. இரண்டு தவணை நகராண்மைக் கழக உறுப்பினராக இருந்து, மூன்றாவது தவணை கிடைக்காத துக்கத்தில் இருந்தவரை அரசாங்கம் விசாரணைகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தது. ஒழுகுகிற சமூக மண்டபம் ஒன்றை அவர் விசாரித்தார். அதைத் திறந்து வைத்தவரும் அவர்தான். குற்றவாளி மழை என்று ஏழு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஓரிடத்தில் கால்வாய் ஒன்றை மேட்டை நோக்கி வெட்டிவிட்டார்கள். முதல் மண்ணை வெட்டிப் படம் எடுத்துக்கொண்டவர் சதாசிவம், விசாரித்தவரும் சதாசிவம். கால்வாயில் கோளாறு இல்லை, தண்ணீருக்குத்தான் இன்னும் பழகவில்லை என்று முடித்தார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். சதாசிவம் மனதார நல்லவர். அவருடைய கணக்கு எளிமையானது. ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் விசாரித்தால் நாலு பேரிடம் போய்க் கேட்க வேண்டும், அந்த நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள், குழப்பம். எல்லாம் தெரிந்தவன் விசாரித்தால்? யாரையும் கேட்கவே வேண்டாம். எவ்வளவு பெட்ரோல் மிச்சம். இதை அவர் மனைவி நல்லம்மாளுக்கு விளக்கியபோது, அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே, அப்படியென்றால் திருடனையே போலீசாகப் போட்டுவிடலாமே என்றாள். சதாசிவத்துக்கு மனைவியின் அறிவைப் பற்றி எப்போதுமே கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்போது வழக்குக்கு வருவோம்.

ஈப்போவுக்கு வெளியே சுங்கை கெருயிங் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. தோட்டம் கைமாறி மரங்கள் சாய்ந்தபிறகு, அங்கே வேலை செய்தவர்களுக்கென்று நாற்பத்தெட்டுத் தரைவீடுகள் கட்டினார்கள். தாமான் கெருயிங் ஜெயா என்று வாசலில் வளைவு வைத்தார்கள்; தாமான் என்றால் குடியிருப்பு. எட்டு வருடத்துக்கு முன்பு நாற்பத்தேழு தோட்டத்துக் குடும்பங்கள் சாவி வாங்கிக்கொண்டு போயின. தோட்டத்துப் பழைய வரிசை வீடுகளான லயத்திலேயே மிஞ்சியது ஓர் ஆள். கெர்ட்ரூட்.

கெர்ட்ரூட்டுக்கு வயது அறுபத்தாறு. முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்ட அலுவலகச் சுவரில் ஒட்டிய முதல் பட்டியலில் இருபத்தேழாவது பெயர் அவருடையது. தன் கண்ணாலேயே பார்த்தார், பக்கத்தில் விரலை வைத்தும் பார்த்தார். சாவி கொடுத்த அன்று இருபத்தேழாம் எண் வீடு கனகராஜ் என்பவருக்குப் போயிற்று. அன்றிலிருந்து எட்டு வருடமாகக் கெர்ட்ரூட் மனு எழுதிப் போட்டுக்கொண்டே, கூரைத் தகரம் ஒவ்வொன்றாகப் பறக்கிற லயத்தில் குடியிருந்தார். இந்த ஆண்டு நிலத்துக்காரர்கள் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். செப்டம்பர் முப்பதாம் தேதி லயத்தை இடிக்கப் போகிறார்கள். அதற்குமேல் அவருக்குப் போக இடமில்லை.

செய்தி பத்திரிகையில் வந்தது. அரசாங்கத்துக்கு வெட்கமாகப் போயிற்று. உடனே ஒரு சுயேச்சை விசாரணைக் குழு. குழுவுக்குத் தலைவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் சதாசிவம். இருபத்தேழாம் எண் வீட்டுக் கனகராஜ், நல்லம்மாளின் உடன்பிறந்த தம்பி.

நியமனக் கடிதத்தோடு இந்த ஆண்டு புதிதாக ஒரு படிவமும் வந்திருந்தது. இதற்கு முந்திய விசாரணைகளில் இந்த வழக்கம் கிடையாது. மலாய் மொழியில், ஒரே ஒரு கேள்வி. இந்த விவகாரத்தில் உங்களுக்குக் 'கெபெந்திஙான்' இருக்கிறதா? இருக்கிறது என்றால் விவரமாக எழுதவும்.

இங்கேதான் சதாசிவம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தவறு செய்தார். பெந்திங் என்றால் முக்கியம். சந்தையில் மீன் விற்கிறவருக்கும் தெரியும். அப்படியானால் கெபெந்திஙான் என்றால் முக்கியத்துவம். அகராதியைப் புரட்டினார், முதல் பொருள் அதுவேதான் போட்டிருந்தது. அதே வரியில் சற்றுத் தள்ளி, சொந்த நலன், ஆதாயம் என்று இரண்டாவது பொருள் ஒன்றும் இருந்தது. முதல் பொருளே இவ்வளவு பொருத்தமாக இருக்கும்போது யாராவது இரண்டாவதுக்குப் போவார்களா? இந்த விவகாரத்தில் உங்களுக்கு முக்கியத்துவம் இருக்கிறதா என்று அரசாங்கமே கேட்கிறது. நாற்பது வருடப் பொதுவாழ்க்கையில் இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை.

'இருக்கிறது' என்ற கட்டத்தில் குறி போட்டார். ஒன்று போதாதென்று இரண்டு போட்டார். கீழே இருந்த நான்கு வரி பற்றவில்லை. தனித்தாள் வைத்து முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். பட்டியலைத் தயாரித்தது நானே. பெயர்களைச் சேர்த்ததும் நானே, நீக்கியதும் நானே. இருபத்தேழாம் எண் வீட்டில் இருப்பவர் என் மைத்துனர். அவரை அங்கே வைத்ததும் நானே. எனவே இந்த விவகாரத்தில் என்னைவிட அதிகக் கெபெந்திஙான் உள்ளவர் பேராக் மாநிலத்தில் ஒருவரும் இல்லை.

படத்தோடு அனுப்பி வைத்தார். படம் கேட்கவில்லை. ஈப்போ அலுவலகத்தில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று முத்திரை குத்திக் கோப்பில் போட்டார்கள். படிவம் வந்ததா என்று பார்ப்பதுதான் விதி. படிக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

விசாரணை செவ்வாய்க்கிழமைகளில், தாமான் மண்டபத்தில். பத்து மணிக்கு என்று போட்டுப் பத்து இருபத்தைந்துக்குத் தொடங்கும். குழுவில் இன்னும் இருவர் இருந்தார்கள். அவர்கள் தலையாட்டுவதற்காக வந்தவர்கள், நன்றாகவே ஆட்டினார்கள், அதற்குமேல் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குறிப்பெடுத்தது துளசி. துளசி தட்டச்சில் ஒரு கால்புள்ளி தவறாதவள். யார் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே பதிகிறவள். வாய் சிரித்தாலும் விரல் சிரிக்காது. அப்படிப்பட்ட ஆள் அந்த மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான்.

முதல் செவ்வாய், கெர்ட்ரூட் வந்து உட்கார்ந்தார். சதாசிவம் அவரை அன்போடு, 'அக்கா' என்று வரவேற்றார். விசாரணை முழுக்கவே அவர் 'அக்கா' என்றும் 'இந்த அம்மா' என்றும்தான் சொன்னார்; பெயரைச் சொல்லவில்லை. கெர்ட்ரூட் சுற்றி வளைக்காமல் சொன்னார். முதல் பட்டியலில் என் பெயர் இருந்தது, அடுத்த பட்டியலில் இல்லை, என் வீட்டில் கனகராஜ் என்று ஒருவர் இருக்கிறார், அவர் இந்தத் தோட்டத்து ஆளே இல்லை.

"கனகராஜ்," என்று சதாசிவம் மேலே பார்த்து யோசித்தார். "எந்தக் கனகராஜ்?"

அன்று காலை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்ததே கனகராஜ்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தார். சதாசிவம் ஒரு கணம் தடுமாறினார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நிமிர்ந்தார். நடுநிலையைக் காட்டுவதற்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் அமைய வேண்டுமே. கனகராஜை எழுப்பி இரண்டு வரிசை பின்னால் போய் உட்காரச் சொன்னார். அவர் போனார். கறிபாப் தட்டும் கூடவே போயிற்று. சதாசிவம் கூட்டத்தைப் பார்த்து, பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குச் சொந்தம் பந்தம் கிடையாது என்பதுபோல ஒரு தலையசைப்பு அசைத்தார்.

பிறகு கனகராஜைச் சாட்சியாகக் கூப்பிட்டார்.

"உங்க பேரு என்னா?"

"என்னா மச்சான் இது, பேரு கேக்குறீங்க?"

"இங்க மச்சான் கிச்சான் இல்ல. பேரச் சொல்லுங்க லா."

கனகராஜ் பெயரைச் சொன்னார். ஈப்போவில் கைப்பேசி உறை விற்கிறதாகவும் சொன்னார். இந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, இன்றைக்கு முன்பு தோட்டத்துக்கு வாழ்க்கையில் இரண்டே தடவை வந்திருப்பதாகவும், ஒரு தடவை வீடு பார்க்க, ஒரு தடவை சாவி வாங்க என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். வீட்டில் குடியிருக்கிறீர்களா என்றால், இல்லை, உறைப் பெட்டிகள்தான் குடியிருக்கின்றன.

சதாசிவம் துளசியிடம் திரும்பி, சாட்சிக்குத் தோட்டத்தோடு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தொடர்பு இருந்திருக்கிறது என்று எழுதச் சொன்னார். துளசி அதையும் எழுதினாள்; சாட்சி சொன்ன வார்த்தைகளை அதற்கு மேலேயே எழுதியிருந்தாள்.

கெர்ட்ரூட் கையை உயர்த்தினார். "அண்ணே, இவரக் கேட்டு என்னா ஆகப் போவுது. லிஸ்ட்டு போட்டது யாரு? அந்த ஆளக் கூப்பிடுங்க."

சதாசிவத்துக்கு ரத்தம் சூடேறியது. நியாயத்துக்காக அவருக்கு ரத்தம் சூடேறுவது வழக்கம்தான். மேசையைத் தட்டினார். கட்டாயம் கூப்பிடுவோம், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கூப்பிடுவோம், இந்தக் குழுவுக்கு யாரைக் கண்டும் பயம் கிடையாது, அந்த ஆள் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றார். மண்டபத்தில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

துளசி குனிந்து, "அண்ணே, அது நீங்கதான்," என்றாள்.

வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்தில் தண்ணீர் குடித்திருப்பார். இந்த இனம் எவ்வளவு உறுதியானது என்பதை இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். சதாசிவம் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. அன்று மத்தியானமே சதாசிவத்துக்கு அழைப்பாணை தயாராயிற்று. தலைவர் சதாசிவம் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினார். வியாழக்கிழமை தபால்காரர் வந்தார். சாட்சி சதாசிவம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு கண்டிப்பான தலைவரா என்று சாட்சிக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இருந்தாலும் முழு ஒத்துழைப்புத் தருவதாகப் பதில் எழுதினார். அந்தப் பதிலைப் பெற்றுக்கொண்ட தலைவருக்குச் சாட்சியின் மேல் நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

இரண்டாவது செவ்வாய் மண்டபம் நிறைந்துவிட்டது. பக்கத்து ஊர் ஜெலாப்பாங்கிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தார்கள்.

சாட்சிக்கு ஒரு நாற்காலி, தலைவருக்கு ஒரு நாற்காலி. குழப்பம் வரக்கூடாது என்று சதாசிவம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கண்ணாடி போட்டால் தலைவர், கழற்றினால் சாட்சி. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாட்சியைப் பெயர் சொல்லி அழைத்தார். எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். கண்ணாடியைக் கழற்றிச் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். வந்துவிட்டேன் என்றார். திரும்பவும் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, தாமதமில்லாமல் வந்ததற்கு நன்றி தெரிவித்தார். சாட்சி பரவாயில்லை என்று சொல்ல மறுபடியும் ஒரு சுற்று. ஐந்தாவது சுற்றில் மூச்சு வாங்கியது. பின்வரிசையில் ஒருவர் ரத்த அழுத்த மாத்திரை நீட்டினார். அது தலைவருக்கா சாட்சிக்கா என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சதாசிவம் வாங்கினார்.

துளசியின் குறிப்பேடு இன்றைக்கும் இருக்கிறது. கேட்டவர் சதாசிவம், சொன்னவர் சதாசிவம், குறுக்கிட்டவர் சதாசிவம், குறுக்கீட்டை அனுமதித்தவர் சதாசிவம் என்று நாலு பக்கம். பிழையே இல்லை.

கடைசியில் கேட்க வேண்டிய கேள்விக்கு அவர் வந்துதான் ஆகவேண்டியிருந்தது.

"பட்டியல்ல இருந்த ஒரு பேர நீங்க விட்டுட்டீங்களா?" என்றார் கண்ணாடியோடு.

"விடல," என்றார் கண்ணாடி இல்லாமல். "வாயில வரல."

சாட்சி உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். தலைவருக்கே அது எதிர்பாராதது. அன்றைக்குத் திடலில் மைக் பிடித்துப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தாராம். இருபத்தாறு வரைக்கும் தங்குதடையில்லை. இருபத்தேழில் ஒரு பெயர். கெட்டு என்று தொடங்கிப் பார்த்தார், கெரட்டு என்று திருத்திப் பார்த்தார், மூன்றாவது தடவை என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. முன்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதைப் பிறகு பார்க்கலாம் என்று இருபத்தெட்டுக்குப் போய்விட்டார். பட்டியலைச் சுத்தப்பிரதி எடுத்தபோது அந்த ஒரு வரி காலியாக நின்றது. காலி வரி இருந்தால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கனகராஜ் சதாசிவத்தின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுதுவதற்குச் சுலபமான பெயர்.

சதாசிவம் எழுந்து, மேசையைச் சுற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாயில் வராத பெயருக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது என்று சாட்சியை விடுவித்தார்.

"வாயில வரலன்னா வீடும் வரலயா?" என்று கேட்டார் கெர்ட்ரூட்.

சத்தம் போடவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். சதாசிவம் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டார். கேள்வி சாட்சிக்கா தலைவருக்கா என்று அவர் ஆராயவில்லை. மணியைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாவது செவ்வாயோடு விசாரணை முடிந்து அறிக்கை தயாரானது. பட்டியல் ஒழுங்காகவே தயாரிக்கப்பட்டிருந்தது. தயாரித்தவர் விசாரணைக்குக் காட்டிய ஒத்துழைப்பு மற்றவர்களுக்கு முன்மாதிரி. விண்ணப்பம் செய்துள்ள அம்மையார் அடுத்த வீட்டுத் திட்டம் வரும்வரை காத்திருக்கலாம். அடுத்த திட்டம் என்று ஒன்று இல்லை. அது அறிக்கையில் இல்லை.

பிற்சேர்க்கைகளை அடுக்கிக் கட்டும்போது துளசிக்கு அந்தப் படிவம் கையில் கிடைத்தது. படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். தலைவரிடம் கொண்டுபோய், அண்ணே, இதை உள்ளே வைக்கவா, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். சதாசிவத்துக்கு அவள் கேட்ட விதமே பிடிக்கவில்லை. அவர் எழுதியதிலேயே சிறந்த தாள் அது. உள்ளே எங்கேயோ வைத்தால் யார் பார்ப்பார்கள்?

"மொத பக்கத்துல வை லா. அட்டையத் திறந்ததும் அதுதான் தெரியணும்."

துளசி சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவள் என்று முன்பே சொல்லியாயிற்று.

செப்டம்பர் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஈப்போவில் அரசாங்க அலுவலகக் கூட்ட அறை. லயத்துக்கு இன்னும் பத்து நாள். தாமான்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கெர்ட்ரூட் நல்ல சேலை கட்டிக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிருபர்கள் இருவர். அறிக்கையை வாங்கிக்கொள்ள வந்த அதிகாரி தினேஸ்வரி, முப்பது வயதுக்காரி, காலையிலிருந்து அது மூன்றாவது கூட்டம் என்பது முகத்தில் தெரிந்தது. படம் எடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவள், படக்காரர் இன்னொன்று என்றதும் சும்மா நிற்கிற நேரத்தில் அட்டையைத் திறந்தாள்.

படித்தாள். உட்கார்ந்தாள்.

"ஐயா, இது நீங்க எழுதுனதா?"

"நானேதான். யாரும் உதவி பண்ணல," என்றார் சதாசிவம்.

எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கலாமா என்று கேட்டாள். சதாசிவம் அன்றைக்கென்று போட்டு வந்த கோட்டின் பித்தானைப் பூட்டிக்கொண்டார். தினேஸ்வரி மலாயிலிருந்து தமிழாக்கிக்கொண்டே வாசித்தாள். பட்டியலைத் தயாரித்தது நானே. சதாசிவம் தலையசைத்தார். சேர்த்ததும் நானே, நீக்கியதும் நானே. தலையசைத்தார். மைத்துனரை அங்கே வைத்ததும் நானே. அதற்கும் அசைத்துவிட்டார், அசைத்துக்கொண்டிருந்த தலை சட்டென்று நிற்குமா? எனவே இந்த விவகாரத்தில் என்னைவிட அதிகச் சொந்த நலன் உள்ளவர் பேராக் மாநிலத்தில் ஒருவரும் இல்லை.

"நலன் இல்ல லா," என்று சதாசிவம் அவளைத் திருத்தினார். "முக்கியத்துவம்."

"இல்லீங்க ஐயா. இந்த ஃபாரத்துல கெபெந்திஙான்னா, உங்களுக்கு இதுல ஏதாச்சும் ஆதாயம் இருக்கா, சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேட்டிருக்கு. இருந்தா நீங்க தலைவரா உக்காரக் கூடாது."

சதாசிவம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். சின்னப் பெண், அனுபவம் போதாது. சொந்தமும் சம்பந்தமும் இல்லாத ஓர் ஆளுக்கு இந்த விவகாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பொறுமையாகக் கேட்டார். பின்னால் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வேனில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கனகராஜும் சிரித்தார், எதற்கென்று அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. சதாசிவமும் கொஞ்சம் சிரித்து வைத்தார், மகிழ்ச்சியான கூட்டமாக இருக்கிறதே என்று. அப்போதுதான் கடைசி நாற்காலியில் சிரிக்காமல் இருந்த ஒரே ஒரு முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

தினேஸ்வரி முதல் தாளை மட்டும் அறிக்கையிலிருந்து உருவி எடுத்தாள். மீதியை மேசைமேல் அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்க விசாரணைய ஏத்துக்க முடியாதுங்க ஐயா. இந்த ஒரு பக்கத்த முழுசா ஏத்துக்கிறோம்."

அதன்பிறகு புதிய குழு எதுவும் தேவைப்படவில்லை. நடந்தது என்ன, செய்தது யார், ஏன் என்று எல்லாம் கையெழுத்தோடு இருந்தது. பேராக்கில் இவ்வளவு நேர்மையான விசாரணை இதற்குமுன் நடந்ததில்லை என்று துளசி சொல்வாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஐந்தாவது நாள் கைப்பேசி உறைப் பெட்டிகள் லாரியில் ஏறின. செப்டம்பர் இருபத்தாறாம் தேதி, லயம் இடிபட நான்கு நாள் இருக்கும்போது, தினேஸ்வரி தாமானுக்கு வந்து பெயரைச் சரியாக உச்சரித்துக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள். கெர்ட்ரூட் உள்ளே போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. அப்புறம்தான் அழுதார்.

சதாசிவத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வீட்டில்தான் இருக்கிறார். முக்கியமானவர்களை அரசாங்கமே ஒதுக்குகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கும் நல்லது. ஆனால் டிசம்பரில் ஒரு விவகாரம் வந்துவிட்டது. கெர்ட்ரூட் லயத்திலிருந்து கொண்டுவந்த ஆறு கோழிகள் வேலி தாண்டிப் போய், பக்கத்து வீட்டு ராட்னியின் பூந்தொட்டிகளைக் கிளறிவிட்டதாகப் புகார். கோழிகள் போகவே இல்லை, தொட்டியை உடைத்தது ராட்னியின் நாய்தான் என்று கெர்ட்ரூட். குடியிருப்பாளர் சங்கம் கூடியது. விசாரித்துவிடலாம், யாரைத் தலைவராகப் போடுவது என்று கேட்டார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, கெர்ட்ரூட் எழுந்தார்.

"நானே இருக்கேன். விசாரணைன்னா எப்படின்னு மூணு செவ்வாக்கிழம உக்காந்து பாத்தவ நான். கோழியயும் எனக்குத் தெரியும், வேலியயும் தெரியும். என்னவிட வேற யாருக்கு லா தெரியும்?"

சங்கம் கை தட்டி ஏற்றுக்கொண்டது. ராட்னி ஏதோ சொல்ல வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். விசாரணை ஒரே நாளில் முடிந்தது. கோழிகள் குற்றமற்றவை.

நீங்களும்தான் தலையாட்டினீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டாம். பாவம், எட்டு வருடம் கஷ்டப்பட்ட மனுஷி, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அந்த நாய்தான் உடைத்திருக்கும் என்று இந்த வரிக்கு வருவதற்குள் மனதுக்குள் தீர்ப்பு எழுதி, முத்திரையும் குத்திவிட்டீர்கள். மிகவும் சுயேச்சையான தீர்ப்பு.

ராட்னியை ஒரு வார்த்தை கேட்டீர்களா?